முற்றத்துக்கு எந்தப் பனை?

கேள்வி: வீட்டு முன்னால் 30 அடி இடம், நாள் முழுக்க வெயில். தென்னை, பாக்கு வேண்டாம். சிவப்புத் தண்டுப் பனை வைக்க ஆசை. வைக்கலாமா? – வாசகி, மதுரை

பதில்: வேண்டாம் அம்மா. அது சுமத்ரா, போர்னியோ சதுப்புக்காட்டுப் பிள்ளை; மண் காய்ந்தால் கருகிவிடும். நானே இரண்டைக் கொன்றவன்! உங்களுக்கு மடகாஸ்கரின் பிஸ்மார்க் பனைதான் சரி. வெள்ளி பூசிய நீல விசிறி ஓலை. வேர் பிடித்துவிட்டால் வெயிலும் வறட்சியும் பெரிதில்லை. ஆனால் ஓலை நன்றாக விரியும், சுவரிலிருந்து 10 அடியாவது தள்ளி நடுங்கள். வேரைத் தொந்தரவு செய்தால் கோபித்துக்கொள்ளும். சின்னக் கன்றாக வாங்கி, தொட்டி மண் உதிராமல் வையுங்கள். அப்புறம் இடம் மாற்றவே கூடாது. நம் கூந்தல்பனையும் அழகுதான். ஆனால் பூத்து ஓய்ந்ததும் மரமே பட்டுப்போகும். பழச்சாறு பட்டால் அரிப்பு வேறு.