அரிசியாக வேண்டாம், நெல்லாகப் பேசுங்கள்

கேள்வி: திருச்சியில் எங்கள் அடுக்ககத்தில் 20 குடும்பங்கள் சேர்ந்து, டெல்டா விவசாயி ஒருவரிடம் நேரடியாகத் தவிடு நீக்காத மாப்பிள்ளை சம்பா அரிசி வாங்கினோம். இரண்டே மாதத்தில் வண்டு வைத்துவிட்டது. அவரை விட்டுவிட மனமில்லை. எப்படித் தொடர்வது?

பதில்: அவர் மேல் தவறில்லை. தவிட்டில் எண்ணெய்ப் பசை உண்டு. தீட்டாத அரிசி நாள்பட்டால் காறல் வாடை வீசும், வண்டும் சீக்கிரம் சேரும். நெல்லுக்கு உமியே கவசம்; நன்றாகக் காய்ந்திருந்தால் அடுத்த அறுவடை வரை கிடக்கும். அதனால் நெல்லாகப் பேசி வைத்து, மாதாமாதம் அரைத்து வாங்குங்கள். இருப்பு வைக்கவும் அரைக்கவும் அவருக்குத் தனியாகக் கூலி கொடுங்கள்.

வீட்டுக்கு மாதம் 10 கிலோ என்றால் மொத்தம் 200 கிலோ அரிசி. 60 கிலோ நெல் மூட்டையில் ஏறக்குறைய 40 கிலோ தேறும். மாதம் 5 மூட்டை, வருடத்துக்கு 60. ஏக்கருக்கு 20 மூட்டை என்று வைத்தால், உங்களுக்காக அவர் 3 ஏக்கர் நட வேண்டும். இதை அவரிடம் ஆடியிலேயே சொல்லிவிடுங்கள். தையில் போய்க் கேட்டால் நெல் வியாபாரியிடம் போயிருக்கும்.

பணமும் அப்படித்தான். அவருக்குக் கை கடிப்பது உழவு, நாற்று, நடவு சமயத்தில். மூன்றில் ஒரு பங்கையாவது அப்போதே கொடுத்தால் வட்டிக்கு வாங்காமல் தப்புவார். மாப்பிள்ளை சம்பா ஆளுயரம் வளரும். மழை காற்றில் சாய்ந்துவிடும். மகசூல் குறைந்தால் முன்பணத்தை எப்படிக் கழிப்பது என்பதை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து இப்படிப்பட்ட உறவுகள் முறிவது இந்த இடத்தில்தான்.

அறுவடையானதும் இரண்டு நெல்லை வாயில் போட்டுக் கடித்துப் பாருங்கள். கடுக்கென்று உடைந்தால் காய்ந்தது. நசுங்கினால் இன்னும் வெயில் காட்ட வேண்டும். ஈரப்பதமானி இருந்தால் 14 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அரைக்கும்போது உடையும் நொய்யைக் கேட்டு வாங்குங்கள், கஞ்சிக்கு அதற்கு ஈடில்லை.

அப்புறம், பிள்ளைகளை அவசியம் வயலுக்கு அழைத்துப் போங்கள். 20 குடும்பமும் ஒரே நாளில் வேண்டாம், மூன்று நான்கு வீடாகப் போங்கள். கதிர் பூக்கும் நாட்களில் முற்பகலில் வரப்போடு நின்றுகொள்ளுங்கள். பூ விரிந்து மகரந்தம் சேரும் நேரம் அது.