எட்டு மணி நேரம் தூங்கினாலும் வேலையில் கண் சொக்குகிறது, மனச்சோர்வும் இருக்கிறது. வேலையை விட முடியாது. என்ன செய்யலாம்?

மனச்சோர்வு இருக்கிறது என்பதற்காகத் தூக்கத்தையும் அதன் கணக்கிலேயே எழுதிவிடாதீர்கள். முதலில் ரத்தப் பரிசோதனை: டிஎஸ்ஹெச் (தைராய்டு), ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் சேமித்திருக்கும் இரும்பு), வைட்டமின் பி12, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரை சராசரி). தைராய்டு குறைவும் இரும்புச்சத்துக் குறைவும் மனச்சோர்வு போலவே தோன்றும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் அடிமட்டத்தில் இருக்கலாம். அதைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களும் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களும் பி12-ஐ விட்டுவிடக் கூடாது.

அடுத்தது குறட்டை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். அதோடு காலையில் தலைவலி, வாய் வறட்சியும் இருந்தால் தூக்க ஆய்வு செய்ய வேண்டும். மூச்சுத்தடைதான் காரணமென்றால் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கூட்டிப் பயனில்லை.

மனச்சோர்வு மாத்திரையே தூக்கத்தைத் தரலாம். மிர்டாசபின், அமிட்ரிப்டிலின் இரண்டும் மறுநாள் காலைவரை இழுக்கும். சளிக்குப் போடும் செட்ரிசினும் அப்படித்தான். நேரத்தை மாற்றலாமா, அளவைக் குறைக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மனச்சோர்வு மாத்திரையை நீங்களாகச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலும் படபடப்பும் வரலாம். அதன் பலன் தெரியவே 2 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் உயிரை விடும் எண்ணம் வந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

படுக்கும் நேரத்தைவிட எழும் நேரம் முக்கியம். ஞாயிறு உட்பட ஒரே நேரம். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிவரை தூங்கினால் அன்றிரவு தூக்கம் வராது, திங்கள் பாழ். எழுந்ததும் மொட்டை மாடியில் 20 நிமிடம் வெளிச்சத்தில் நில்லுங்கள். குடித்த காபியின் காஃபினில் பாதி 5, 6 மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். மதியம் இரண்டு மணிக்கு மேல் வேண்டாம். இரும்பு மாத்திரையோடு டீ குடித்தால் சத்து சரியாகச் சேராது, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மதியம் அலாரம் வைத்து 20 நிமிடம் கண்ணயரலாம். அதைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழ வேண்டிவரும், தலை இன்னும் கனக்கும்.

வேலையில், தெளிவாக இருக்கும் இரண்டு மணி நேரத்தைக் கண்டுபிடித்துக் கணக்கு, சரிபார்ப்பு போன்றவற்றை அங்கே வையுங்கள். சாப்பாட்டுக்குப் பின் நடந்துகொண்டே பேசும் போன் வேலைகள். தொடங்கவே முடியாத நாளில் ஃபைலைத் திறந்து ஒரு வரி மட்டும் எழுதுங்கள். மனச்சோர்வில் உற்சாகம் வந்து வேலை தொடங்குவதில்லை, தொடங்கிய பிறகே கொஞ்சம் வரும். மேலாளரிடம் நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. "சிகிச்சையில் இருக்கிறேன், ஒரு மாதம் நைட் ஷிஃப்ட் வேண்டாம்" என்று மருத்துவர் கடிதத்தோடு கேளுங்கள்.

கண் செருகும் நாட்களில் பைக்கை எடுக்காதீர்கள், பஸ்ஸில் போங்கள்.