கம்யூனிட்டி காலேஜிலிருந்து பெர்க்லிக்கு மாற முடியுமா?

கேள்வி: என் மகள் கலிஃபோர்னியாவில் இரண்டு வருடக் கம்யூனிட்டி காலேஜில் முதல் வருடம் படிக்கிறாள். பெர்க்லிக்கு மாற ஆசைப்படுகிறாள், ஸ்டான்ஃபோர்டுக்கும் போட்டுப் பார்க்கலாம் என்கிறாள். நடக்கிற காரியமா?
– வாசகி, சான் ஹோசே

பதில்: பெர்க்லி நடக்கக்கூடிய காரியம்தான், தைரியமாக இருங்கள். பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்களில் ஒன்று. அந்தப் பல்கலைக்கழகம் இப்படி மாறி வருகிறவர்களில் அந்த மாநிலத்துக் கம்யூனிட்டி காலேஜ் பிள்ளைகளுக்குத்தான் முன்னுரிமை தருகிறது. மூன்றாம் ஆண்டில் சேருவாள், அதற்கு 60 செமஸ்டர் யூனிட் (பாடங்களுக்குத் தரும் கிரெடிட்) முடித்திருக்க வேண்டும், எடுக்கப்போகும் மேஜருக்கான, அதாவது முதன்மைப் பாடத்துக்கான, முன்பாடங்களையும் விடாமல் படித்திருக்க வேண்டும், நல்ல மதிப்பெண் வைத்திருக்கிற பிள்ளைகள்கூடக் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டுவிட்டு அதற்கு வேண்டிய கணக்குப் பாடம் இல்லையென்றால் ரொம்பக் கஷ்டம். எந்தப் பாடம் எதற்குச் சமம் என்று அசிஸ்ட் இணையதளத்தில் இருக்கிறது, இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் காலேஜ் கவுன்சிலரிடம் உட்கார்ந்து பேசட்டும். எஸ்ஏடி என்கிற நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை பெர்க்லியில் பார்ப்பதில்லை.

தகுதி இருந்தால் இடம் உறுதி என்கிற 'டாக்' திட்டத்தில் இதே பல்கலைக்கழகத்தின் டேவிஸ், இர்வைன், சான்டா பார்பரா உட்பட 6 வளாகங்கள் உண்டு. பெர்க்லி, யூசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலஸ் வளாகம்), சான் டியேகோ இல்லை. அதனால் செப்டம்பரில் ஒரு வளாகத்துக்கு டாக் போட்டு வைத்துவிட்டு, அக்டோபர், நவம்பரில் பெர்க்லிக்கு விண்ணப்பிக்கட்டும்.

ஸ்டான்ஃபோர்டில் மிகச் சிலரையே எடுக்கிறார்கள். போடட்டும், ஆனால் அதை நம்பிப் பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.