கீகேட்: உள்தாளிலிருந்து மேல்தாளுக்குத் திரும்ப முடியவில்லை

மின்சுற்று வரைபடம் வரையும் மென்பொருளான கீகேட்டில், ஒரு தாளுக்குள் வைத்த இன்னொரு தாளிலிருந்து (உள்தாள்) அதைக் கொண்டிருக்கும் மேல்தாளுக்குத் திரும்ப ஆல்ட், பேக்ஸ்பேஸ் இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். அதை அழுத்தியும் பவர் சப்ளைத் தாளிலேயே நிற்கிறது என்கிறீர்கள். அநேகமாக அத்தாளின் கோப்பை ஃபோல்டரிலிருந்து நேரடியாகச் சொடுக்கித் திறந்திருப்பீர்கள். அவ்வாறு திறந்தால் கீகேட் அதைத் தனி வரைபடமாகவே எடுத்துக்கொள்வதால், ஏறிச் செல்ல அதற்கு மேல் ஒரு தாள் இருப்பதில்லை.

கண்ட்ரோல், எச் அழுத்தினால் தாள்களின் படிநிலை தெரியும். அங்கே அந்த ஒரு தாள் மட்டும் இருந்தால் காரணம் இதுதான். சாளரத்தை மூடிவிட்டு, திட்டக் கோப்பைத் திறந்து, அதன் வழியே வரைபடத்துக்குள் செல்லுங்கள். பிறகு அப்பட்டியலில் பெயரைச் சொடுக்கியே எந்தத் தாளுக்கும் தாவலாம். 7ஆம் பதிப்பு முதல் பேஜ் அப், பேஜ் டவுன் விசைகளும் அடுத்தடுத்த தாள்களைப் புரட்டும்.

இரண்டு தாள்களை அருகருகே பார்க்க வேண்டும் என்ற தங்கள் இரண்டாவது கேள்விக்கு, நான் பயன்படுத்தும் 8ஆம் பதிப்பில் நேரடி வழி இல்லை, ஏனெனில் வரைபடச் சாளரம் ஒரு நேரத்தில் ஒரு தாளையே காட்டும். ஒன்றைப் பிடிஎஃப் ஆக எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வதே நல்லது. அதே திட்டத்தை இரண்டாம் முறை திறந்து, கோப்பு ஏற்கெனவே திறந்திருக்கிறது என்று வரும் பூட்டு எச்சரிக்கையையும் மீறி இரண்டிலும் திருத்தினால், கடைசியாகச் சேமித்தது மற்றதை அழித்துவிடும்.

இன்னொன்று: ஒரே கோப்பை இடது, வலது ஆம்ப்ளிஃபயர் என இரு இடங்களில் பயன்படுத்தியிருந்தால், பட்டியலில் இரண்டாகத் தெரிந்தாலும், ஒன்றில் இழுத்த வயர் மற்றதிலும் மாறும், ஆர்5, ஆர்12 போன்ற உறுப்பு எண்கள் மட்டுமே தனித்தனி.