கிறிஸ்தவ நெறியில் அன்பையும் நன்றியையும் கொண்டு வாழ்வது என்றால் என்ன?

கடவுளிடம் ஒன்றைப் பெறுவதற்காக அல்லாமல், ஏற்கெனவே பெற்றுவிட்டதற்காக நல்லதைச் செய்வதே அது. யோவானின் முதல் நிருபம் 4-ஆம் அதிகாரம் காரணத்தைச் சொல்கிறது: கடவுள் முந்தி அன்புகூர்ந்ததால் நாமும் அன்புகூருகிறோம். 1563-இல் வெளியான, கிறிஸ்தவ நம்பிக்கையைக் கேள்வி-பதிலாகக் கற்பிக்கும் ஹைடல்பர்க் வினாவிடை என்னும் நூல் பத்துக் கட்டளைகளையே 'நன்றி' என்னும் பகுதியில் வைத்து விளக்குகிறது. அச்சத்துக்குரிய சட்டத்தை நன்றி செலுத்தும் வழியாக மாற்றிவிடும் நுட்பமான ஏற்பாடு அது.

கடலூர்ப் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில், வாசலருகே மேசை போட்டு, பெயர், ஊர், தொகை என்று எழுதும் மொய் நோட்டை எண்ணிப் பாருங்கள். வைத்தவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் (சற்றுக் கூட்டி வைப்பதுதான் மரியாதை என்பது வேறு விஷயம்). கடவுளிடம் பெற்றதையோ அவரிடமே திருப்பிச் செய்ய வழியில்லை; ஆகவே அது மூன்றாமவரிடம் போய்ச் சேருகிறது. லூக்கா 14-இல், உறவினரையும் செல்வரையும் விட்டு, பதிலுக்கு அழைக்க இயலாத ஏழைகளையும் பார்வையற்றோரையும் விருந்துக்கு அழைக்கும்படி இயேசு சொல்வது இதனால்தான். மத்தேயு 18-இல் இயேசு சொல்லும் உவமையில், பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்ட ஊழியன், தனக்கு நூறு வெள்ளிக்காசு தரவேண்டிய உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாள் கூலி. வெள்ளிக்காசு ஒரு நாள் கூலி. தான் பெற்றதை மறந்ததே அவன் குற்றம்.

நற்செயல் மீட்பை வாங்கித் தராது என்றால் மனம்போல வாழலாமே என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். இயேசுவின் அப்போஸ்தலரான பவுல், ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 6-ஆம் அதிகாரத்தில் அதே கேள்வியைத் தாமே எழுப்பி, கூடாது என்று மறுத்துவிடுகிறார்.