கோஸ்டில்லா கவுண்டியில 5 ஏக்கர் வாங்கலாமா? முதல்ல தண்ணிய பாருங்க

டென்வர்ல இருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கார்: கொலராடோ தெற்கு ஓரத்துல கோஸ்டில்லா கவுண்டியில 5 ஏக்கர் பழைய கார் விலைக்கு வருது, பெரிய ஆபத்து ஏதாச்சும் வந்தா குடும்பத்தோட போய் இருந்துக்கலாம், காய்கறி போட்டு நாலு ஆடும் வளக்கலாம், வாங்கட்டுமா?

அந்த காரியத்துக்கு வேணாங்க. நிலத்தடியில தண்ணி இருக்கான்னு பாக்கறத விட அத எடுக்க உங்களுக்கு உரிமை இருக்கான்னு பாக்கணும், ஏன்னா கொலராடோவுல நிலத்த வாங்கிட்டா அடியில இருக்க தண்ணியும் உங்களோடதுன்னு ஆகாது, யாரு முன்னாடி பயன்படுத்த ஆரம்பிச்சாங்களோ அவங்களுக்குத்தான் முதல் உரிமை. இதே கவுண்டியில சான் லூயிஸ் ஊர்க்காரங்க 1852ல வெட்டுன வாய்க்காலுக்குத்தான் மாநிலத்துலயே பழைய உரிமை, நீங்க அவங்களுக்கு 170 வருஷத்துக்கு மேல பின்னாடி நிக்கறீங்க.

35 ஏக்கருக்கு கம்மியான மனைக்கு பொதுவா வீட்டுக்குள்ள பயன்படுத்த மட்டும்தான் போர் பெர்மிட் கிடைக்கும். குடிக்கலாம், சமைக்கலாம், குளிக்கலாம். தோட்டத்துக்கு பாய்ச்சக்கூடாது, ஆட்டுக்கும் வைக்கக்கூடாது. சரி மழைத்தண்ணி பிடிப்போம்னா, 2016 சட்டப்படி ரெண்டு பேரல், சேத்து 110 கேலன், அவ்வளவுதான். 1,000 சதுர அடி தோட்டத்துக்கு வாரம் ஒரு இன்ச் தண்ணி விட்டாலே 620 கேலன் ஆகுது, அது ரெண்டு டன்னுக்கு மேல வெயிட்டு, வாராவாரம் வண்டில கொண்டுவந்து ஊத்தணும், பெட்ரோல் கிடைக்காத நேரத்துல என்ன பண்ணுவீங்க?

குளிரும் லேசுப்பட்டது இல்ல. பக்கத்து அலமோசாவுல ஜனவரி ராத்திரி மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் சாதாரணம், உறைபனி இல்லாத நாள் மூணு மாசம் இருந்தா அதிகம், தக்காளி எல்லாம் கிரீன்ஹவுஸ் இல்லாம கஷ்டம். உருளைக்கிழங்கும் பார்லியும் நல்லா வர்ற பள்ளத்தாக்குதான், ஆனா அதெல்லாம் பாசன உரிமை வச்சிருக்கவங்க போடறது. வெயில் மட்டும் அமோகமா இருக்கு, சோலாருக்கு குறையே இல்ல.

இன்னொன்னு, 2018 ஜூன்ல இதே கவுண்டில ஃபோர்ட் கார்லண்ட் பக்கம் பிடிச்ச ஸ்பிரிங் ஃபயர்ங்கற காட்டுத்தீ 1,08,000 ஏக்கர எரிச்சுது, அப்போ லா வீட்டா கணவாய் வழியா போற 160ம் நம்பர் ஹைவேயையே மூடிட்டாங்க. டென்வர்ல இருந்து நாலு மணி நேரம் தள்ளி இருக்க இடத்துக்கு ஆபத்து நேரத்துல போறதா பிளான் போட்டா அந்த ரோடு திறந்திருக்கும்னு நம்பி போடாதீங்க. மலையடிவார மனைல மரம் அடர்த்தியா இருந்தா எனக்கு இன்னும் பயம்தான்.

அந்த பக்கமே வேணும்னு மனசு இருந்தா 35 ஏக்கரோ அதுக்கு மேலயோ பாருங்க, அந்த பெர்மிட்ல ஒரு ஏக்கர் வரை தோட்டத்துக்கும் கால்நடைக்கும் அனுமதி உண்டு. இல்லன்னா வாய்க்கால் உரிமையோட சேத்து விக்கிற நிலமா தேடுங்க, கொஞ்சம் காசு கூட ஆனாலும் பரவால்ல. மேப்ல காட்டுற ரோடு ஸ்பாட்ல இருக்கான்னு பனிக்காலத்துல ஒரு தடவை நேர்ல போய் பாருங்க. ஆர்வி, அதாவது வீடு மாதிரி இருக்க வண்டிய நிறுத்தி தங்கறதுக்கும் செப்டிக் டேங்குக்கும் என்ன பெர்மிட் வேணும்னு கவுண்டி ஆபீஸ்ல கேளுங்க, அப்படியே மனை நம்பர சொல்லி அலமோசாவுல இருக்க மாநில நீர்வளத்துறை ஆபீஸ்ல என்ன பெர்மிட் கிடைக்கும்னு எழுத்துல வாங்குங்க. அது கைக்கு வர்றவரை விக்கிறவருக்கு ஒரு டாலர் கூட அட்வான்ஸ் குடுத்துடாதீங்க.