கடையிலும் வாட்ஸ்அப்பிலும் ஆன்லைன் தளத்திலும் ஒரே பொருளை விற்க முடியுமா?

கொடைக்கானலில் கடை வைத்துக்கொண்டே வாட்ஸ்அப்பிலும் ஆன்லைன் தளத்திலும் விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக விற்கலாம். நான் ஆறு வருடமாக மலைப்பூண்டை அப்படித்தான் விற்கிறேன். ஆனால் இருப்புக் கணக்கைச் சரிசெய்யாமல் இறங்காதீர்கள்.

நான் இறங்கினேன். ஒரு மே மாதம், சீசன் கூட்டம். பூம்பாறையிலிருந்து வந்த பூண்டு மொத்தமும் ஞாயிறு மதியத்துக்குள் கடையிலேயே போய்விட்டது. தளத்திலோ 12 கிலோ இருப்பு என்று காட்டிக்கொண்டே இருந்தது. ராத்திரி கடையைச் சாத்திவிட்டு போனைப் பார்த்தால் ஒன்பது ஆர்டர்! ஏழு ஆர்டரை ரத்து செய்தேன். அதோடு தளத்தின் தேடலில் என் பொருள் பின்னால் போய்விட்டது. பழைய இடத்துக்கு வர மூன்று மாதம் ஆனது.

இப்போது சரக்கு இறங்கியதுமே ஆன்லைனுக்கு உரியதைத் தனிக் கூடையில் எடுத்து உள்ளறையில் வைத்துவிடுகிறேன். கடையில் எத்தனை பேர் நின்றாலும் அதில் கை வைப்பதில்லை. தளத்தில் போடும் எண்ணிக்கை அந்தக் கூடையில் இருப்பதைவிட எப்போதும் இரண்டு பாக்கெட் குறைவு. வாட்ஸ்அப் ஆர்டரும் அதே கூடையிலிருந்துதான். எடுத்த உடனே தளத்தில் எண்ணிக்கையைக் குறைத்துவிட வேண்டும்.

பூண்டு காயக் காய எடை இறங்கும். கடையில் கண் முன்னால் நிறுத்துக் கொடுப்பதால் பிரச்சினை இல்லை. அரைக் கிலோ என்று அச்சடித்த பாக்கெட் பத்து நாள் கழித்து சென்னையில் ஒருவர் வீட்டுத் தராசில் 480 கிராம் காட்டினால், அவருக்கு நாம் ஏமாற்றுக்காரர்கள்தான். அதனால் 530 கிராம் போட்டுக் கட்டுகிறேன். காற்றுப் போக வலைப்பை. பாலிதீனில் கட்டினால் வியர்த்து முளை விட்டுவிடும்.

விலை மூன்று இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தளத்தின் கமிஷன், கூரியர், அட்டைப்பெட்டி, திரும்பி வரும் பார்சல் எல்லாவற்றையும் கூட்டித்தான் அங்கே விலை வைக்க வேண்டும்.

அப்புறம், கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த முத்திரையைப் பாக்கெட்டில் போட வேண்டுமானால் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும். வேறு ஊர்ப் பூண்டை இந்தப் பெயரில் விற்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. நீங்கள் எந்த ஊரில், எந்த மாதம் எடுத்த பூண்டு என்று தயவுசெய்து எழுதிப் போடுங்கள்.

முதல் சீசனுக்குக் கடையும் வாட்ஸ்அப்பும் போதும். "அக்கா, போன தடவை அனுப்பினதே அனுப்புங்க" என்று கேட்க நாற்பது, ஐம்பது வீடு சேரட்டும். அதன்பின் தளத்துக்குப் போங்கள்.